புது வீட்டுக்கு வெளியே எங்கெங்கே விளக்கு வைப்பது?

கேள்வி இதுதான்: திருச்சிக்கு வெளியே 30-க்கு 50 அடி மனையில், கிழக்குப் பார்த்த மாடி வீடு. தளம் போட்டாயிற்று, கட்டு வேலை முடிந்தது, அடுத்த வாரம் பூச்சு. வீட்டில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய அப்பா, அம்மா. இன்ஜினியர் கொடுத்த 3டி படத்தில் முகப்பில் மட்டும் 14 விளக்குகள். எலக்ட்ரீஷியனோ, “வெளியில எத்தனை பாயிண்ட்னு இன்னைக்கே சொல்லிடுங்க” என்கிறார். என்ன சொல்வது?

இன்றைக்கே எதுவும் சொல்லாதீர்கள். பூச்சு வேலையை நான்கு நாள் தள்ளிப் போட முடியுமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். விளக்கை எந்த வருஷம் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் பைப் போக இந்த வாரம்தான் சரியான நேரம். பூச்சு முடிந்து பெயிண்டும் அடித்த பிறகு ஒரு விளக்கு கூடுதலாக வேண்டுமென்றால் சுவரில் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) வெட்டி, ஒட்டுப் போட்டு, அந்தச் சுவர் முழுக்கத் திரும்ப பெயிண்ட் அடிக்க வேண்டும். இல்லையென்றால் சுவரின் மேலே வயரை மூடும் வெள்ளைப் பட்டை ஓடவிட வேண்டியதுதான். புது வீட்டில் அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும்.

இருபது வருஷமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். இந்த 3டி படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் எப்போதும் பொழுது சாய்ந்த நேரம், வானம் கருநீலம், வாசலில் ஒரு வெளிநாட்டுக் கார். துவைத்த துணி காயாது, சைக்கிள் நிற்காது, மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க மாட்டார். எதிர்வீட்டுக்காரர் உங்கள் வீட்டைப் பார்த்தால் எப்படித் தெரியும் என்பதற்காக வரைந்த படம் அது. அந்த 14 விளக்குகளில் ஒன்றுகூடக் கொல்லைப் பக்கம் இருக்காது. பூட்டைத் திறக்கச் சாவித் துவாரம் தெரியுமா என்று அந்தப் படத்தைப் போட்டவர் யோசித்திருக்க மாட்டார்.

நான் வேறு மாதிரி தொடங்குவேன். இருட்டிய பிறகு உங்கள் வீட்டில் யார், எந்த இடத்தில், எதற்காகக் காலெடுத்து வைப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ராத்திரி பதினொன்றுக்கு வண்டியில் வந்து கேட்டைத் திறப்பவர். விடிவதற்கு முன் கோலம் போடுபவர். கேஸ் தீர்ந்து சிலிண்டர் மாற்றுபவர். மோட்டாரை நிறுத்தப் போகும் அப்பா. குப்பைக் கூடையோடு பின்னால் போகும் அம்மா. மழை வந்ததும் மாடிக்கு ஓடித் துணி எடுப்பவர். பட்டியல் முடிந்ததும் பாயிண்ட் எங்கே என்பது தானாகத் தெரிந்துவிடும்.

வாசலில் தொடங்குவோம். நிறைய வீடுகளில் போர்டிகோ சீலிங்கில் ஒரு பெரிய விளக்கைப் போட்டுவிட்டு, வாசலுக்கும் அதுவே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். கேட்டுக்கு வெளியே தெருவைப் பார்த்துக் குனிந்து கோலம் போடும்போது அந்த விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும். தன் நிழலே புள்ளி மேல் விழும். மார்கழியில் பொழுது விடிய ஆறரை ஆகிவிடும். கோலம் போடுகிறவர் ஐந்து மணிக்கே வந்துவிடுவார். இரண்டு கேட் பில்லரிலும், தெருப் பக்கமாகப் பார்த்த முகத்தில், கீழ்நோக்கி வெளிச்சம் விழும்படி ஆளுக்கு ஐந்து வாட்டில் ஒரு விளக்கு வையுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வருவதால் ஒன்றின் நிழலை மற்றொன்று அழித்துவிடும். பூட்டும் தெரியும், சாக்கடை மூடியும் தெரியும்.

பில்லர் தலையில் வைக்கும் பால் கண்ணாடி உருண்டையை நான் சிபாரிசு செய்வதில்லை. பகலில் அழகுதான். ராத்திரியில் பாதி வெளிச்சம் வானத்துக்கும் மீதி உங்கள் கண்ணுக்கும் போகும். கண் அந்த உருண்டைக்குப் பழகிவிடும். அதற்கு இரண்டடி தள்ளி ஒருவன் நின்றாலும் தெரியாது. வெளிச்சம் அதிகமாக இருந்தால் பாதுகாப்பு அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். கூசும் விளக்கைச் சுற்றியுள்ள இருட்டு இன்னும் கெட்டியாகத்தான் தெரியும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிஷம் பிடிக்கும், கெடுவதற்கு ஒரு நொடி போதும். பௌர்ணமி நிலவின் வெளிச்சம், வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், அரை லக்ஸ்கூடக் கிடையாது. அதிலேயே வரப்பில் நடந்துபோகிறோம். அந்த நேரத்தில் எதிரே ஒரு பைக் ஹெட்லைட் வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேட்டில் நிற்பவரின் முகம் தெரிவது தனி வேலை. பில்லர் விளக்கு அவருக்குப் பக்கத்திலும் பின்னாலும் இருக்கிறது, அவர் முகமோ வீட்டைப் பார்த்து இருக்கிறது. ஆகவே வீட்டுப் பக்கமிருந்து ஒரு வெளிச்சம் கேட்டை நோக்கிப் போக வேண்டும். போர்டிகோவின் முன் விளிம்பில் ஒன்று வைத்தால் இது முடிந்துவிடும். கேமரா வைக்கும் எண்ணம் இருந்தால் இது இன்னும் முக்கியம். கேமராவின் பார்வைக்குள் நேராக ஒரு விளக்கு எரிந்தால் அதற்கு முன்னால் நிற்பவர் கறுப்பு உருவமாகத்தான் பதிவாவார்.

போர்டிகோவுக்குள் நடு மத்தியில் விளக்கு வைப்பது பழைய வழக்கம். நடுவில் கார் நிற்கும். காரின் கூரை பளபளவென்று இருக்கும், கதவைத் திறந்து இறங்கும் இடம் இருட்டாக இருக்கும். ஒன்றை முன் விளிம்பில் வைக்கிறோம், அது கேட்டையும் ஓட்டுநர் இறங்கும் பக்கத்தையும் பார்த்துக்கொள்ளும். இன்னொன்றை மற்றப் பக்கச் சுவரோரம் வையுங்கள். ஏழு ஏழு வாட் போதும். உங்கள் போர்டிகோ தளம் ஏற்கெனவே போட்டாயிற்று என்கிறீர்கள். சென்ட்ரிங் நேரத்தில் அங்கே பெட்டி வைத்தார்களா என்று மேலே பாருங்கள். இல்லையென்றால் பக்கச் சுவர் வழியாகப் பைப் கொண்டுபோய்ச் சுவரிலேயே விளக்கு வைத்துவிடலாம். தூணையோ பீமையோ சன்ஷேடையோ வெட்டிக் காடி எடுக்க மட்டும் விடாதீர்கள். “சும்மா ஒரு இஞ்ச்தான் சார்” என்பார்கள். அந்த ஒரு இஞ்ச்சுக்குள் கம்பி இருக்கிறது.

அடுத்தது படி. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதற்கு முகப்பைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள். இருபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிறது. அதோடு கண் கூச்சமும் அவர்களுக்கு அதிகம். அப்படியென்றால் பெரிய விளக்காக வைத்துவிடலாமே என்றால், கதவுக்கு மேலே வைக்கும் பெரிய விளக்கு இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். தன் நிழல் அடுத்த படியை மறைக்கும். கடைசிப் படி ஒன்று பாக்கியிருப்பது தெரியாமல் தரை என்று நினைத்துக் காலை வைப்பதுதான் விழுவதற்கு வழக்கமான காரணம். படியின் பக்கச் சுவரில், படியிலிருந்து முக்கால் அடி உயரத்தில், வெளிச்சம் கீழே மட்டும் விழும் மூடி போட்ட ஒரு வாட் விளக்கு இரண்டு வையுங்கள். மேல் படிக்கு ஒன்று, கடைசிப் படிக்கு ஒன்று. ராத்திரி முழுக்க எரியட்டும். படியின் விளிம்பில் ஒரே பளபளப்பான கறுப்பு கிரானைட் போடப் போகிறீர்கள் என்றால் அதையும் கொஞ்சம் யோசியுங்கள். எந்த விளக்கு வைத்தாலும் கறுப்புப் படியின் விளிம்பு தெரியாது. விளிம்பில் ஒரு வெளிர் கோடு இருந்தால் நல்லது.

சிட் அவுட்டில் சாயங்காலம் உட்கார்ந்து பேச ஒரு விளக்கு, ஏழு வாட். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. கதவுக்கு இரண்டு பக்கமும் மாடக்குழி விட இடம் இருந்தால் பூச்சுக்கு முன்பே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். கார்த்திகைக்கு அகல் வைக்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை, அதற்கு வயரும் வேண்டாம்.

இனி கொல்லைப்புறம். ஊருக்கு வெளியே, சுற்றிலும் காலி மனை, கருவேலம் புதர் என்றால் அங்கே பாம்பு வரும். குறிப்பாகக் கட்டு விரியன் ராத்திரி நேரத்தில் நடமாடுவது. இங்கே விளக்கைவிட சுவிட்ச் இருக்கும் இடம் முக்கியம். கொல்லைக் கதவைத் திறப்பதற்கு முன்பே, சமையலறைக்கு உள்ளே நின்றபடி போட முடிய வேண்டும். சுவிட்சை வெளிச்சுவரில் வைத்துவிட்டு இருட்டில் தடவித் தேடுகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு விளக்கு வையுங்கள், ஒன்பது ஒன்பது வாட். துவைக்கும் கல் பக்கம் ஒன்று, குளியலறைக்கோ மோட்டாருக்கோ போகும் வழியில் ஒன்று.

கதவுக்கு நேர் மேலே வைக்காதீர்கள். முதல் மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பும்போது காரணம் புரியும். விளக்கைச் சுற்றிப் பூச்சி, பூச்சியைத் தின்னப் பல்லியும் தவளையும், தவளையைத் தேடி அடுத்தவர். இந்த வரிசை உங்கள் கதவு நிலையில் முடியக் கூடாது. விளக்கைக் கதவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி வைத்து, வெளிச்சம் மட்டும் கதவுக்கு முன்னாலுள்ள தரையில் விழும்படி திருப்புங்கள். பூச்சி விளக்கடியிலேயே இருந்துகொள்ளும். ராத்திரி முழுக்க எரியவிடவும் வேண்டாம், போகும்போது போட்டால் போதும்.

பக்கத்துச் சந்தில் மூன்றடி அகலம் இருக்கும். சிலிண்டர், ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் அங்கேதான். அங்கே ஒன்பது வாட்டில் ஒரு சென்சார் விளக்கு. சென்சார் வாங்கும்போது ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கடையில் அதிகம் கிடைக்கும் வகை உடம்புச் சூட்டை வைத்து ஆள் வருவதைக் கண்டுபிடிப்பது. ஆள் அதற்குக் குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும், நேராக அதை நோக்கி வந்தால் தாமதமாகப் பிடிக்கும். ஆகவே சந்தின் கோடியில் வைக்காமல் பக்கச் சுவரில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் வெயில் குடித்த சுவர் இரவு எட்டு மணிக்கும் கொதிக்கும். உடம்புச் சூட்டுக்கும் சுவர்ச் சூட்டுக்கும் வித்தியாசம் குறைந்துவிட்டால் இந்த சென்சார் மந்தமாகும். கெட்டுப்போய்விட்டது என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள், ஆடி பிறந்ததும் சரியாகிவிடும். மைக்ரோவேவ் வகை சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது கண்ணாடி, மெல்லிய சுவர் எல்லாவற்றையும் தாண்டிப் பார்க்கும். பக்கத்து வீட்டுக்காரர் நடந்தாலும் உங்கள் விளக்கு எரியும்.

மொட்டை மாடிக்கு இரண்டு, ஒன்பது ஒன்பது வாட். மாடிப்படி முடியும் ஹெட்ரூம் கதவுக்கு வெளியே ஒன்று, தண்ணீர்த் தொட்டி ஏணிக்குப் பக்கத்தில் ஒன்று. இதோடு கைப்பிடிச் சுவரின் உள்பக்கம், முன்புறம் பார்த்த மூலையில், மூடி போட்ட ஒரு சாக்கெட் கட்டாயம் வையுங்கள். பொங்கலுக்கோ, தீபாவளிக்கோ, பிள்ளைக்குக் காதுகுத்துக்கோ சீரியல் செட் போடுவீர்கள். அந்த சாக்கெட் இல்லாவிட்டால் படுக்கையறை ஜன்னல் வழியாக வயரை இழுத்து, ஜன்னலைச் சாத்த முடியாமல், மழை வந்தால் ஓடிப் பிடுங்கி... வேண்டாம் அந்தப் பாடு.

முகப்புக்கு வருவோம். மேலும் கீழும் வெளிச்சம் அடிக்கும் விளக்கைச் சுவரோடு ஒட்டி வைத்தால், சுவரை உரசிக்கொண்டு போகும் வெளிச்சம் அங்குள்ள மேடு பள்ளத்தை எல்லாம் காட்டிக் கொடுத்துவிடும். கல் பதித்த சுவரில் அது அழகு. பட்டி பார்த்த வழவழப்பான சுவரில், பகலில் கண்ணுக்கே தெரியாத பூச்சு அலை ஒவ்வொன்றும் ராத்திரியில் குளத்து அலை மாதிரி தெரியும். “மேஸ்திரி ஏமாத்திட்டார்” என்று சண்டை வந்த வீடுகள் உண்டு. மேஸ்திரி ஒன்றும் செய்யவில்லை. அத்தனை நேர்த்தியாகக் கையால் பூசவே முடியாது. சந்தேகமிருந்தால் பூச்சு முடிந்த ஒரு சுவரில் போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள், புரிந்துவிடும். கல் பதிக்கும் இடம் ஒன்று படத்தில் இருக்கிறதா? அதற்கு மட்டும் ஐந்து வாட்டில் இரண்டு விளக்கு வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

முகப்பில் பள்ளம் விட்டு அதற்குள் எல்இடி ஸ்டிரிப் ஓட்டச் சொல்வார்கள். நான் தடுக்க மாட்டேன், ஆனால் வெயிலும் மழையும் படும் இடத்தில் இரண்டு வருஷத்தில் அங்கங்கே செத்துப்போய்ப் பல் விழுந்த வாய் மாதிரி ஆவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிடிவாதமாக வேண்டுமென்றால் 12 வோல்ட் வேண்டாம், 24 வோல்ட் வாங்குங்கள். 12 வோல்ட் ஸ்டிரிப்பை ஐந்து மீட்டருக்கு மேல் ஒரே இழுப்பில் ஓட்டினால் கோடியில் மங்கிவிடும். ஸ்டிரிப்புக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டியான டிரைவரைக் கை எட்டும் இடத்தில், வீட்டுக்குள் வையுங்கள். முதலில் சாவது பெரும்பாலும் அதுதான். அதை மாற்றச் சாரம் கட்ட வேண்டியிருந்தால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

தரையில் புதைத்து மேல்நோக்கி அடிக்கும் விளக்கு? வேப்பமரம் பெரிதாகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

இதுவரை சொன்னதை எண்ணிப் பாருங்கள். பில்லரில் இரண்டு, போர்டிகோவில் இரண்டு, சிட் அவுட்டில் ஒன்று, படியில் இரண்டு, சந்தில் ஒன்று, கொல்லையில் இரண்டு, மாடியில் இரண்டு, முகப்பில் இரண்டு. இதுவும் 14 தான்! மொத்தமும் சேர்ந்து 88 வாட். முகப்புக்கு ஒரே ஒரு 100 வாட் ஃபிளட் லைட் போட்டு ராத்திரி 12 மணி நேரம் எரியவிட்டால் இரண்டு மாத ரீடிங்கில் அது மட்டும் 72 யூனிட். நம் கணக்கில் ராத்திரி முழுக்க எரிவது இரண்டு படி விளக்கும் ஒரு பில்லர் விளக்கும்தான். அதற்கு ஐந்து யூனிட். போர்டிகோ, சிட் அவுட், இன்னொரு பில்லர் விளக்கு மூன்றும் தினம் நாலு மணி நேரம் எரிந்தால் இன்னுமொரு ஆறு யூனிட். மற்றவை எப்போதாவது எரிபவை.

இதற்காக இரண்டு பில்லர் விளக்குக்கும் தனித்தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க எரிபவற்றுக்கு வெளிச்சத்தைப் பார்த்துத் தானே எரிந்து அணையும் சென்சார் ஒன்று போட்டால் சுவிட்சையே மறந்துவிடலாம். அந்த சென்சார் மேல் வேறு விளக்கின் வெளிச்சம் விழாத இடத்தில் வையுங்கள். இல்லையென்றால் விளக்கு எரிந்ததும் விடிந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடும், இருட்டியதும் மறுபடி எரியும், ராத்திரி முழுக்கக் கண்ணாமூச்சிதான். ஒரு பில்லர் விளக்கையும் படி விளக்குகளையும் இன்வெர்ட்டர் லைனில் சேருங்கள். கரண்ட் போன நேரத்தில்தான் அவை வேண்டும். இன்னொன்று, நீங்கள் படுக்கும் அறையில் கட்டிலிலிருந்து கை எட்டும் தூரத்தில் ஒரு சுவிட்ச். ராத்திரி வெளியே ஏதோ சத்தம் கேட்டால், அதைத் தட்டியதும் கொல்லை, சந்து, போர்டிகோ எல்லாம் ஒரே நேரத்தில் எரிய வேண்டும். எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் படுக்கலாம். எலக்ட்ரீஷியனுக்கு இது கொஞ்சம் கூடுதல் வயர்தான்.

இனி, பாதுகாப்பு. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் வெளி விளக்குகளையும் வீட்டு லைன்களையும் ஒரே ஆர்.சி.சி.பி.யில் (கரண்ட் கசிந்தால் தானே லைனைத் துண்டிக்கும் கருவி) சேர்த்துவிட்டேன். ஐப்பசி அடைமழை, ராத்திரி பதினொரு மணி. கேட் விளக்குக்குள் தண்ணீர் இறங்கி, ஆர்.சி.சி.பி. விழுந்து, வீடே இருட்டு. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. கைக்குழந்தை உள்ள வீடு. நான் நனைந்துகொண்டே போய்க் கேட் லைனைக் கழற்றிவிட்டு வந்தேன். கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. தப்பு என்னுடையது. அதிலிருந்து வெளி விளக்குகளுக்கும் வெளி சாக்கெட்டுகளுக்கும் டி.பி.யில் (எல்லா லைனும் பிரியும் பெட்டி) தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. (கசிவுக்கும் அதிகக் கரண்டுக்கும் சேர்த்துத் துண்டிக்கும் கருவி) வைத்துவிடுகிறேன். கேட்டில் தண்ணீர் இறங்கினால் வெளியே மட்டும் அணையும், உள்ளே ஃபேன் ஓடும். ஆர்.சி.சி.பி. தொல்லை என்று அதை நீக்கி நேரடியாகக் கொடுத்துவிடச் சொல்லும் ஆள் யாராக இருந்தாலும் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள். ஈரக் கையோடு பிள்ளைகள் தொடும் இரும்பு கேட் அங்கே இருக்கிறது. உலோக உடம்புள்ள ஒவ்வொரு விளக்குக்கும் எர்த்தின் பச்சை வயர் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். விளக்குகளுக்கு 1.5 சதுர மி.மீ. வயரும் சாக்கெட்டுக்கு 2.5 வயரும்.

வீட்டிலிருந்து கேட் பில்லர் வரை தரைக்கடியில் போவது ஆர்மர்டு கேபிளாக (மேலே இரும்புக் கவசம் சுற்றியது) இருக்கட்டும். இரண்டடி ஆழம், கீழே மணல், மேலே மணல், அதன் மேல் ஒரு வரிசை செங்கல். நாளைக்கு யாராவது மண்வெட்டி போட்டால் முதலில் செங்கல் தட்டுப்படும். காம்பவுண்டுத் தரைக்குக் கல் பதிப்பதற்கு முன் இதே பள்ளத்தில் கேபிளிலிருந்து ஒரு அடி தள்ளி, ஒரு இஞ்ச் காலிப் பைப் ஒன்றும் போட்டு, உள்ளே ஒரு இழுவைக் கம்பி விட்டுவையுங்கள். காலிங் பெல், கேமரா, வீடியோ போன் எல்லாம் பின்னால் வரும். அந்த வயர்கள் 230 வோல்ட் போகும் பைப்புக்குள் போகக் கூடாது.

விளக்கின் பெட்டியில் ஐபி என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. மழை நேராகப் படும் இடத்துக்கு ஐபி65, போர்டிகோ கூரைக்குள் ஐபி44 போதும். பெட்டியில் 65 என்று இருந்தாலும், வயர் நுழையும் ஓட்டை மேல்பக்கம் இருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. வயர் வழியாகவே தண்ணீர் இறங்கிவிடும். பின்னாலிருந்தோ கீழேயிருந்தோ வயர் நுழையட்டும். சுவரோடு சேரும் இடத்தில் மேலேயும் இரண்டு பக்கமும் சிலிகான் வைத்து அடைத்துவிட்டு, கீழ்ப்பக்கத்தை மட்டும் திறந்துவிடுங்கள், உள்ளே போன ஈரம் வெளியே வர வழி வேண்டும்.

நிறம்: வெளியே எல்லா இடத்திலும் 3000 கெல்வின், அதாவது ஏறத்தாழப் பழைய குண்டு பல்பின் மஞ்சள். பூச்சியும் குறைவாக வரும், பெரியவர்கள் கண்ணும் கூசாது. 6500 வெள்ளை பளிச்சென்று இருக்கிறது என்று கடைக்காரர் தள்ளுவார். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மாடித் தொட்டிப் பக்கம் போட்டுவிடுங்கள். போர்டிகோவில் ஒரு நிறம், சிட் அவுட்டில் ஒரு நிறம் என்று மட்டும் கலக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை ஜன்னல் எங்கே வருகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டுச் சந்து விளக்கின் இடத்தை முடிவு செய்யுங்கள். பக்கத்து மனை காலியாக இருந்தாலும் நாளைக்கு ஒருவர் வருவார். கடற்கரையில், குறிப்பாகச் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் வீடு கட்டும் வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு இரண்டு விஷயம். உப்புக் காற்றில் சாதாரண ஸ்டீல், அலுமினியம் விளக்குகள் சீக்கிரம் அரித்துவிடும், 316 வகை ஸ்டீலோ நல்ல பாலிகார்பனேட்டோ வாங்குங்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதும் குஞ்சுகள் வெளிவருவதும் ஜனவரியிலிருந்து கோடை வரை நடக்கும். குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கத்தைக் கடல் என்று நினைத்து உங்கள் காம்பவுண்டை நோக்கி வந்துவிடும். அந்த மாதங்களில் கடல் பக்கத்து விளக்குகளை அணைத்துவிடுங்கள்.

இதையெல்லாம் நான் சொன்னேன் என்பதற்காக அப்படியே செய்ய வேண்டாம். தள்ளிப் போட்ட நான்கு நாளில் ஒரு ராத்திரி, அமாவாசையை ஒட்டி இருந்தால் இன்னும் நல்லது, குடும்பத்தோடு கட்டட இடத்துக்குப் போங்கள். நீளமான வயரில் ஒரு ஹோல்டரும் ஒன்பது வாட் மஞ்சள் பல்பும் போதும், பல்புக்கு மேலே ஒரு தகர டப்பாவை மூடியாகக் கட்டுங்கள். பையன் அதை ஒவ்வொரு இடமாகப் பிடிக்கட்டும். அப்பா படியில் இறங்கிப் பார்க்கட்டும், அம்மா கோலம் போடும் இடத்தில் குனிந்து பார்க்கட்டும், நீங்கள் கேட்டுக்கு வெளியே பூட்டைத் திறந்து பாருங்கள். நிழல் எங்கே விழுகிறது, கண் எங்கே கூசுகிறது என்று அங்கேயே தெரியும். சரியான இடத்தில் சுவரில் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் எண் எழுதுங்கள். மறுநாள் எலக்ட்ரீஷியனிடம் அந்தக் குறிகளைக் காட்டினால் போதும்.

பைப் எல்லாம் பதித்து முடித்ததும், பூச்சுக்காரர் கை வைப்பதற்கு முன், ஒவ்வொரு சுவரையும் டேப்பைப் பிடித்தபடி போட்டோ எடுத்து வையுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று படத்தில் தெரிய வேண்டும். ஐந்து வருஷம் கழித்து சன்ஷேடுக்குக் கீழே ஏதோ மாட்ட ஒருவர் டிரில் மெஷினோடு வந்து நிற்கும்போது அந்தப் போட்டோவைத் தேடுவீர்கள்.